அணி விரிப்பு

அணி விரிப்பு என்பது, ஓர் அணியில் சேர்த்து வைத்த மதிப்புகளைப் பிரித்து, செயற்கூறு ஒன்றுக்குத் தனித்தனி அளபுருக்களாகக் கொடுக்கும் நிரலாக்க முறை. ரூபி மொழியில் இதற்கு ஸ்பிளாட் என்று பெயர். ரூபியிலும் பைத்தானிலும் அணியின் முன் ஓர் உடுக்குறி இட்டால் போதும். ஜாவாஸ்கிரிப்ட்டில் மூன்று புள்ளிகள். அவை 2015ஆம் ஆண்டுத் தரத்தில் வந்தன. இந்த எண்ணத்தின் வேர் லிஸ்ப் மொழியின் 'அப்ளை'. பைத்தானிலும் அதே பெயரில் ஒரு செயற்கூறு இருந்தது. 2000இல் உடுக்குறி வந்ததும் அதற்கு வேலை குறைந்தது. 2008இல் வெளியான மூன்றாம் பதிப்பில் அது நீக்கப்பட்டது.

அணிக்குள் அணி இருக்கும்போதுதான் சிக்கல். கொல்கத்தாவின் கிடர்பூர் துறைமுகத்தில் கன்டெய்னரின் கதவைத் திறந்தால் அட்டைப்பெட்டிகள் வெளியே வரும். பெட்டிக்குள் இருக்கும் பொருள் வராது. உடுக்குறியும் அப்படித்தான், ஓர் அடுக்கை மட்டுமே திறக்கும்.

சரக்கு = [["தேயிலை", 40], ["சணல்", 25]]
பதிவு(*சரக்கு)

'பதிவு' கேட்பது பெயர், எண்ணிக்கை என இரண்டு அளபுருக்கள். அதற்குப் போவதும் இரண்டுதான். ஆனால் பெயரின் இடத்தில் தேயிலை வரிசை முழுவதும், எண்ணிக்கையின் இடத்தில் சணல் வரிசை முழுவதும் போய் உட்காரும். மூன்று வரிசைகள் இருந்தால் அளபுரு கூடிவிட்டது என்று மொழியே பிழை காட்டி நிறுத்தும். இரண்டாக இருப்பதால் அழைப்பு சத்தமில்லாமல் நடந்துவிடும். பிழை வேறெங்கோ தலைகாட்டும். தேடிப் பிடிக்க அதிக நேரம் தின்பது இந்த வகைதான்.

வரிசை வரிசையாகச் சுழற்சியில் எடுத்து, ஒவ்வொன்றையும் பதிவு(*வரிசை) என்று விரிப்பதே சரியான வழி. ரூபியின் 'ஃபிளாட்டன்' எல்லா அடுக்குகளையும் ஒரே மூச்சில் தட்டையாக்கிவிடும். அதன்பின் 40 தேயிலைக்கு உரியது என்பதைச் சொல்ல, வரிசையில் அது நிற்கும் இடத்தைத் தவிர வேறு அடையாளம் இராது. பெர்ல் மொழியோ அழைக்கும்போதே பட்டியல்களைத் தட்டையாக்கிவிடும் என்பதால், அங்கே அணியைக் குலையாமல் அனுப்பச் சுட்டு தேவை.

பைத்தானில் எழுத்துச்சரமும் விரியும். "சணல்" என்பதன் முன் உடுக்குறி இட்டால், நமக்கு மூன்று எழுத்தாகத் தெரியும் அந்தச் சொல் நான்கு அளபுருக்களாகப் போகும்: ச, ண, ல, கடைசியில் புள்ளி தனியாக. யூனிகோடில் ல் என்பது இரண்டு குறியீடுகள். ரூபியில் அதே சரம் உடையாமல் ஒன்றாகவே போய்ச் சேரும்.