முதல் பைக்கே 390 டியூக்கா? 18 வயதில் பவர்ஃபுல் பைக் வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

பிளஸ் டூ முடிந்து கல்லூரியில் சேர்ந்ததும் பல வீடுகளில் அடுத்து கிளம்புவது பைக் பேச்சு. அப்பா சொல்வது ஸ்பிளெண்டர், பையன் கேட்பது டியூக். "அவ்வளவு பவர் எதுக்குடா?" என்றால், "மெதுவா ஓட்டினா போச்சு" என்று பதில் வரும். இந்தப் பதிலில் பாதி உண்மை இருக்கிறது. மீதி பாதியில்தான் சிக்கல்.

ஒரே லைசென்ஸ், எல்லா பைக்கும்

இந்தியாவில் 18 வயது நிறைந்தால் கியர் பைக்குக்கு லைசென்ஸ் வாங்கலாம். ஆர்டிஓ மைதானத்தில் 100 சிசி பைக்கில் எட்டு போட்டு வாங்கிய அதே லைசென்ஸில், மறுநாளே 1000 சிசி பைக்கையும் ரோட்டில் இறக்கலாம். சட்டம் தடுக்காது.

பிரிட்டனில் அப்படி இல்லை. 17 வயதில் 125 சிசி, 11 கிலோவாட், அதாவது சுமார் 15 பிஎஸ் வரைதான். 19 வயதில் இன்னொரு தேர்வு எழுதி 35 கிலோவாட் வரை போகலாம். அதற்கு மேல் எந்த பைக் வேண்டுமானாலும் என்றால், நேரடியாக 24 வயது. இரண்டாம் படியில் 2 ஆண்டு ஓட்டியிருந்தால் 21. நம்ம ஊர் காலேஜ் பசங்க முதல் பைக்காக வாங்கும் யமஹா ஆர்15-கூட (18.4 பிஎஸ்) அங்கே முதல் படிக்குள் அடங்காது. இங்கே அந்தப் படிகளை வீடுதான் போட வேண்டியிருக்கிறது.

சிசியைப் பார்த்து ஏமாற வேண்டாம்

"350 சிசியா, அய்யய்யோ" என்பதும் தப்பு, "150 தானே" என்பதும் தப்பு. பார்க்க வேண்டியது எடைக்கு எவ்வளவு பவர் என்பதை. ஸ்பிளெண்டர் சுமார் 8 பிஎஸ், 112 கிலோ. 100 கிலோவுக்கு 7 பிஎஸ் என்று வைத்துக்கொள்ளலாம். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ல் பவர் 20 பிஎஸ் என்றாலும் எடை 195 கிலோ. 100 கிலோவுக்கு 10 பிஎஸ்தான். அதைவிட சிசி பாதிகூட இல்லாத ஆர்15-ல் இந்தக் கணக்கு 13. புதிய 390 டியூக்கில் (46 பிஎஸ், 168 கிலோ) 27-ஐத் தொடுகிறது. ஸ்பிளெண்டரைப் போல கிட்டத்தட்ட 4 மடங்கு.

கிளாசிக்கில் வேறு தொல்லை உண்டு. சிக்னலில் ஒரு பக்கம் சாய்ந்தால் 195 கிலோவைத் தாங்கிப் பிடிக்க பழகாத காலால் முடியாது.

'மெதுவா ஓட்டினா போச்சு' ஏன் பாதி உண்மை?

புதிதாக ஓட்டுபவர் தப்பு பண்ணத்தான் செய்வார். ஸ்பீடு பிரேக்கரில் குலுங்கும்போது கை தெரியாமல் ஆக்ஸிலேட்டரை முறுக்கிவிடும். கிளட்சை டக்கென்று விட்டுவிடுவார். 100 சிசி பைக் இதற்கு லேசாக உதறும், அல்லது ஆஃப் ஆகி நிற்கும். பவர்ஃபுல் பைக் அதே தப்புக்கு முன்னால் நிற்கும் ஆட்டோவில் கொண்டுபோய் விட்டுவிடும். மெதுவாகப் போகவே நினைத்தவருக்கும் இது நடக்கும்.

இன்னொன்று, வேகம் தெரியாது. நல்ல இன்ஜின் 80-ல் போகும்போதும் 50-ல் போவது போலத்தான் இருக்கும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடியில் பைக் சுமார் 17 மீட்டர் போய்விடும். 100-ல் 28 மீட்டர். நாய் குறுக்கே வந்ததைப் பார்த்து பிரேக்கில் கை வைப்பதற்குள் போகும் தூரம் இது. அதன்பிறகு பிரேக் பிடித்து நிற்கும் தூரம் தனி. வேகம் இரண்டு மடங்கானால் அந்தத் தூரம் 4 மடங்காகும். ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும், இந்தக் கணக்கை மாற்றாது.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022 அறிக்கைப்படி நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 44.5 சதவீதம் பேர் டூவீலரில் போனவர்கள். அந்த ஆண்டு அதிக விபத்துகள் நடந்த மாநிலம் தமிழ்நாடு, 64,105.

அப்போ எதை வாங்கலாம்?

முதல் வருஷத்துக்கு 100 முதல் 160 சிசிக்குள், 15 பிஎஸ்ஸைத் தாண்டாத பைக் போதும். செகண்ட் ஹேண்ட் என்றால் இன்னும் நல்லது. முதல் ஆறு மாதத்தில் ஒருமுறையாவது கீழே போடுவது சகஜம். லீவர், இண்டிகேட்டரோடு செலவு முடியும். ஃபேரிங் உடைந்த ஸ்போர்ட்ஸ் பைக்குக்கு வரும் பில் வேறு ரகம். ஒரு மழைக்காலம், ஒரு நெடுஞ்சாலைப் பயணம், இரவு ஓட்டுதல் எல்லாம் பார்த்தபிறகு பெரிய பைக்குக்கு மாறினால் கை பழகியிருக்கும்.

செலவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸும் சிசி ஏற ஏற கூடும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட், கிளவுஸ், கணுக்காலை மூடும் ஷூ ஆகியவற்றுக்கான பணத்தை பைக் பட்ஜெட்டிலேயே ஒதுக்கிவிடுவது நல்லது. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பணம்தான் கடைசியில் அலாய் வீலுக்குப் போகிறது.

ஏற்கெனவே வாங்கியாச்சா?

'ரெயின்' மோடு இருந்தால் ஆரம்பத்தில் வெயிலிலும் அதிலேயே ஓட்டலாம். முறுக்கினால் பாயும் வேகம் குறையும். காலியான மைதானத்தில் 30, 40 வேகத்தில் முன் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தி நிறுத்திப் பழக வேண்டும். பலர் பின் பிரேக்கை மட்டுமே நம்புகிறார்கள், ஆனால் பைக்கை நிறுத்துவதில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். முதல் சில மாதம் பின்னால் நண்பனை ஏற்ற வேண்டாம். ஆள் ஏறினால் பைக் நிற்கும் விதமும் வளையும் விதமும் மாறும், "இன்னும் முறுக்குடா" என்ற குரலும் கூடவே வரும்.

17 வயது என்றால்?

18 நிறையாதவரிடம் கியர் பைக் சாவியைக் கொடுத்து அவர் குற்றத்தில் சிக்கினால், மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ பிரிவின்படி பெற்றோர் அல்லது வாகன உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வாகனத்தின் பதிவு 12 மாதம் ரத்தாகும். ஓட்டிய பையனுக்கோ பெண்ணுக்கோ 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. பக்கத்துத் தெரு கடை வரைக்கும்தான் போனான் என்று சொன்னாலும் சட்டம் இதேதான்.