சன்னி (மருத்துவம்)

சன்னி என்பது உடல்நோய், நஞ்சு, மருந்து ஆகியவற்றின் விளைவாக மூளையின் செயற்பாடு சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ சீர்குலையும் நிலை ஆகும். இது ஆங்கில மருத்துவத்தில் டெலிரியம் என அழைக்கப்படுகிறது. கவனம் சிதறுதல், இடமும் காலமும் அறியாமை, பிதற்றல், இல்லாதவற்றைக் காணுதல் ஆகியவை இதன் முதன்மை அறிகுறிகள். சித்த மருத்துவத்தில் வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருங்கே கெடுவதால் ஏற்படும் சன்னிபாதத்தின் குறிகளுள் பிதற்றலும் ஒன்றாகக் கூறப்படுகிறது. சன்னி தனியொரு நோயன்று. வேறொரு நோயின் வெளிப்பாடு. எனவே காரணத்தைக் கண்டறிவதே சிகிச்சையின் முதற்படி.

வகைகள்

கிளர்ச்சி வகையில் நோயாளி அமைதியின்றிக் கத்துவார், குழாய்களைப் பிடுங்குவார். அமைதி வகையில் பேச்சற்றுச் சோர்ந்து கிடப்பார். பின்னது முதியோரிடம் மிகுதி. உறக்கம் அல்லது மனச்சோர்வு எனக் கருதப்படுவதால் பெரும்பாலும் கவனிக்கப்படாமல் போகிறது. சன்னியின் கடுமை ஒரே நாளில் கூடியும் குறைந்தும் காணப்படும். பல ஆண்டுகளாக மெல்ல வளரும் மறதிநோயிலிருந்து இதனைப் பிரித்தறிய இப்பண்பு உதவுகிறது.

உயிரியற் காரணங்கள்

மனித மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2% மட்டுமே. ஆயினும் ஓய்வு நிலையில் உடல் பயன்படுத்தும் ஆக்சிசனில் ஏறத்தாழ 20% அதற்கே செலவாகிறது. ஆகவே ஆக்சிசனோ குளுக்கோசோ குறைந்தால் மூளையே முதலில் தடுமாறுகிறது.

* வளர்சிதைமாற்றக் கோளாறு: கல்லீரல் செயலிழப்பில் அமோனியாவும், சிறுநீரகச் செயலிழப்பில் பிற கழிவுகளும் குருதியில் சேர்கின்றன. சோடியம் அளவு குறைதலும் ஒரு காரணமாகும்.
* அழற்சி: கடும் நோய்த்தொற்றில் சுரக்கும் சைட்டோக்கைன்கள் குருதி-மூளைத் தடுப்பைத் தளர்த்தி, மூளையின் நுண்பசைக் கலங்களைத் தூண்டுகின்றன. இதனால் நுரையீரலிலோ சிறுநீர்ப்பாதையிலோ உள்ள தொற்றும் சன்னியை உண்டாக்கும்.
* நரம்பியக்கடத்திகளின் சமநிலை குலைதல்: அசிட்டைல்கோலின் குறைந்து டோப்பமின் மிகுவது ஒரு முக்கிய விளக்கம். அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்துகள் சன்னியை ஏற்படுத்துவது இதற்குச் சான்றாகும்.
* மது விலகல்: நெடுநாள் குடிப்பவரின் மூளை மதுவின் அடக்கும் ஆற்றலுக்கு ஈடாகத் தன்னை மாற்றிக்கொள்கிறது. குடி திடீரென நின்றால் அடக்குமுறை நீங்கிக் கிளர்ச்சி மேலோங்குகிறது. வேறு நோய்க்காக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவருக்கு இரண்டு முதல் நான்கு நாட்களில் நடுக்கத்துடன் சன்னி வருவது இதனாலேயே.
* வெப்பத் தாக்கம்: உடல் வெப்பம் 40 பாகை செல்சியசைக் கடந்து மூளை பாதிக்கப்படும் நிலை. மரக்காணம் போன்ற உப்பளப் பகுதிகளில் உப்பு மிகுதியாக விளைவது கோடையில்தான். நிழலற்ற பாத்திகளில் உழைப்போரிடம் தோன்றும் குழப்பமான பேச்சு, களைப்பன்று. உடனடி மருத்துவ உதவி தேவைப்படும் அபாயக் குறியாகும்.

மெத்தனால் நஞ்சும் மரக்காணம் நிகழ்வும்

2023 மே மாதம் விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகேயுள்ள எக்கியார்குப்பம் மீனவக் கிராமத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அருந்தியோர் பலர் உயிரிழந்தனர். அதே நாட்களில் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இத்தகைய இறப்புகள் நேர்ந்தன. இரு மாவட்டங்களிலும் சேர்த்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். வழக்குகள் குற்றப்பிரிவு குற்றப் புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டன. 2024 சூனில் கள்ளக்குறிச்சியில் இதே நஞ்சு 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது.

மெத்தனால் கல்லீரல் நொதிகளால் முதலில் பார்மால்டிகைடாகவும் பின்னர் பார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. இவ்வமிலம் கலங்களிலுள்ள இழைமணிகளில் சைட்டோக்குரோம் ஆக்சிடேசு நொதியைத் தடுக்கிறது. குருதியில் ஆக்சிசன் இருந்தும் கலங்கள் அதனைப் பயன்படுத்த இயலாமல் போகின்றன. குருதி அமிலமாகிறது, பார்வை நரம்பும் மூளையின் அடிக்கருமுடிச்சுகளும் சேதமடைகின்றன. வயிற்றுவலி, வாந்தி, மங்கிய பார்வை, மூச்சிரைப்பு, சித்தக் குழப்பம், நினைவிழப்பு என அறிகுறிகள் வளர்கின்றன.

இம்மாற்றத்திற்குக் காலம் தேவைப்படுவதால் அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே வெளிப்படுகின்றன. குழப்பத்தை வெறும் போதை எனக் கருதி வீட்டிலேயே படுக்கவைப்பதால் பிழைக்கும் வாய்ப்பு இழக்கப்படுகிறது. எத்தனால் அல்லது போமெப்பிசோல் கொடுத்து அம்மாற்றத்தைத் தடுத்தல், பைகார்பனேட்டால் அமிலத்தன்மையைச் சீராக்குதல், போலினிக் அமிலம், குருதிச் சுத்திகரிப்பு ஆகியவை சிகிச்சை முறைகள். இவை மருத்துவமனையில் மட்டுமே செய்யத்தக்கவை. சாராயத்தை மாற்று மருந்தாக வீட்டில் குடிக்கச் செய்வது ஆபத்தானது.

கண்டறிதலும் பராமரிப்பும்

மாதங்களின் பெயர்களைத் தலைகீழாகச் சொல்லச் செய்வது போன்ற எளிய கவனச் சோதனைகளால் சன்னியை அறியலாம். குருதியில் ஆக்சிசன், சர்க்கரை, உப்புகள், அமிலத்தன்மை ஆகியன அளவிடப்படும். மூல காரணத்திற்கு மருத்துவம் செய்வதோடு, கண்ணாடி, காதுக்கருவி ஆகியவற்றை அணிவித்தல், இரவில் உறங்கவிடுதல், தேவையற்ற மருந்துகளை நிறுத்துதல், பழகிய உறவினர் அருகிலிருந்து பேசுதல் ஆகியன பயன் தரும். பெரும்பாலோர் குணமடைகின்றனர், எனினும் சிலருக்கு நினைவாற்றல் குறைவு நீடிக்கிறது.

இவற்றையும் பார்க்க

* மெத்தனால்
* வெப்பத் தாக்கம்
* மறதிநோய்
* மரக்காணம்