வெசுவியஸ் மண்ணில் பிறந்த சாடி

ஒரகடம் கூட்டு ரோட்டில் அரை மணி நேரம் நின்றால் போதும். புதுக் கார்களை அடுக்கிக்கொண்டு எண்ணூர் பக்கம் போகும் டிரெய்லர்களும், சென்னைத் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளும் வரிசையாகக் கடந்து போகும். இந்தப் பகுதிக்கும் கடல் வணிகத்துக்கும் உள்ள உறவு, 1990களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலை வந்த பிறகு உண்டானது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் தெற்கே ஓடும் பாலாறு கடலில் கலக்கும் இடத்தில், வாயலூரை ஒட்டிய வசவசமுத்திரத்தில், 1970-ஐ ஒட்டித் தமிழ்நாடு தொல்லியல் துறை நாகசாமி தலைமையில் தோண்டியபோது உறைகிணறுகளோடு ஆம்போரா ஓடுகளும் கிடைத்தன. ஆம்போரா என்பது ரோமானிய உலகின் மதுச்சாடி. அது புறப்பட்ட ஊரிலிருந்தே அதன் கதையைச் சொல்கிறேன்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவை ஒட்டியது கம்பானியா. அங்கே வெசுவியஸ் எரிமலையின் அடிவாரத்தில் இருந்த பொம்பேயி, மது காய்ச்சி வடித்த ஊர் அல்ல. திராட்சைச் சாற்றை நொதிக்க வைத்து மது செய்த ஊர். கி.பி. 79-ல் எரிமலைச் சாம்பலுக்குள் அது புதைந்தது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சாம்பல் அதன் திராட்சைத் தோட்டங்களையும் காப்பாற்றி வைத்தது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். கொடிகளின் வேர் மக்கிப்போன இடத்தில் குழி மட்டும் அப்படியே நின்றுவிட்டது. வில்ஹெல்மினா ஜாஷெம்ஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்த வேர்க்குழிகளில் சிமென்ட் ஊற்றி, வேரின் வடிவத்தை வார்த்து எடுத்தார். ஊரின் அரங்கத்துக்குப் பக்கத்திலேயே 2,000-க்கு மேற்பட்ட கொடிகள் நின்ற தோட்டம் ஒன்று இப்படித் தெரியவந்தது. 1990களில் அதே இடங்களில் மறுபடியும் திராட்சை நட்டு மதுவும் எடுத்தார்கள். இன்று பொம்பேயியைப் பார்க்க வரும் கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல், நாளொன்றுக்கு 20,000 பேர் என்று 2024 நவம்பரில் வரம்பே வைத்துவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் திராட்சைப் பழத்தைத் தொட்டியில் போட்டுக் காலால் மிதிப்பார்கள். சாறு கழுத்துவரை மண்ணில் புதைத்த பெரிய குதிர்களுக்குப் போகும். அங்கே நொதித்து அடங்கிய பிறகுதான் சாடியில் நிரப்புவார்கள். சுட்ட மண்ணில் மது ஊறிக் கசியாமல் இருக்க, சாடியின் உட்புறம் முழுக்க மரப்பிசினை உருக்கிப் பூசியிருப்பார்கள். வாயைத் தக்கையால் அடைத்துச் சுண்ணாம்புச் சாந்து பூசுவார்கள். கிரேக்கத் தீவான கோஸில் மதுவோடு கடல்நீரையும் கலப்பது வழக்கம். நெடுந்தூரம் போகும் சரக்குக்கு அது நன்றாகத் தாங்கியது. கோஸ் சாடி அவ்வளவு பெயர் பெற்றதால், இரட்டைத் தண்டுக் கைப்பிடி வைத்த அதே வடிவத்தை இத்தாலியக் குயவர்களும் செய்ய ஆரம்பித்தார்கள்.

சாடியின் அடி தட்டையாக இருக்காது, கூராக முடியும். நிற்காத சாடியை ஏன் செய்தார்கள் என்று தோன்றும். கப்பலின் அடித்தளத்தில் அந்தக் கூர் முனை மணலில் செருகி நிற்கும். மேல் வரிசைச் சாடியின் முனை கீழ் வரிசைச் சாடிகளின் தோள்களுக்கு நடுவே இறங்கிப் பொருந்திக்கொள்ளும். சாய்த்து ஊற்றும்போது ஒரு கை கைப்பிடியிலும் மறு கை அந்த முனையிலும் இருக்கும். ஒரு சாடி சுமார் 26 லிட்டர் கொள்ளும். நிரப்பினால் ஒரு சிமென்ட் மூட்டைக்குக் கொஞ்சம் குறைந்த எடை. அத்தனையும் மனிதத் தோளில் ஏறி இறங்கியது.

இத்தாலியிலிருந்து கப்பலில் அலெக்சாந்திரியா. அங்கிருந்து நைல் நதியில் எதிர்நீரோட்டத்தில் படகேறிக் கோப்டோஸ் நகரம். அதற்கப்புறம் பாலைவனம். கோப்டோஸிலிருந்து செங்கடல் துறைமுகமான பெரெனிகேவுக்கு ஒட்டகத்தில் 12 நாள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதி வைத்திருக்கிறார். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில்தான் நடந்தார்கள். நிக்கானோர் என்ற ஒட்டகக்காரக் குடும்பம் துறைமுகங்களுக்குச் சரக்கு கொண்டுபோய்ச் சேர்த்ததற்கான ரசீதுகள், உடைந்த பானை ஓடுகளில் எழுதியவை, கோப்டோஸில் கிடைத்துள்ளன. பெரெனிகேயின் சுங்க ஓடுகளில் இத்தாலிய மது, லவோடிசியா ஊரின் மது என்று வகை பிரித்தே எழுதியிருக்கிறார்கள். அதே பெரெனிகேயில் ‘கொற்றன்’ என்று தமிழ் பிராமியில் பெயர் கீறிய பானை ஓடும் கிடைத்திருக்கிறது. நம்மவர் ஒருவர் அந்தத் துறையில் தன் பானையோடு இருந்திருக்கிறார்.

ஜூலையில் பாய் விரித்தால் தென்மேற்குப் பருவக்காற்று செப்டம்பருக்குள் மலபார் கரையில் கொண்டுவந்து சேர்க்கும். அந்தக் கரையின் முசிறித் துறைக்கு வரும் சரக்குகளில் மதுவும் உண்டு, ஆனால் அதிகமில்லை என்று ‘பெரிப்ளுஸ்’ என்ற கிரேக்க மாலுமிக் கையேடு சொல்கிறது. கிழக்குக் கரையில் அது பெயர் சொல்லும் துறைகளில் ஒன்று பொதுகே. இன்றைய புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேடுதான் அது என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. யாருக்காக வந்த மது? யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பாண்டியன் நன்மாறன் பொற்கிண்ணத்தில் அருந்துவதை நக்கீரர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். ஆகவே தமிழ் மன்னர் வீட்டுக்கும் அது போனது. இங்கே தங்கியிருந்த வணிகருக்கும் மாலுமிகளுக்கும் ஒரு பங்கு போயிருக்கும்.

குடித்து முடித்த சாடி திரும்பிப் போகவில்லை. உடைந்து மண்ணில் கிடந்தது. 1937-ல் பேராசிரியர் ழுவோ துப்ரேய் அரிக்கமேட்டின் பழமையை உணர்ந்தார். 1944-ல் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக வந்த மார்ட்டிமர் வீலர், சென்னை அருங்காட்சியகத்தின் அலமாரி ஒன்றைத் திறந்து பார்த்தபோது கழுத்தும் கைப்பிடியுமாக ஒரு துண்டு கையில் தட்டுப்பட்டது. அது மத்தியதரைக்கடல் சாடி என்பது அவருக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார், புதுச்சேரியிலிருந்து என்றார்கள். மறு ஆண்டே, உலகப் போர் நடந்துகொண்டிருக்கும்போதே, பிரெஞ்சு ஆட்சிப் பகுதிக்குள் போய் அவர் அகழாய்வு நடத்தினார். சரக்குக் கிடங்கு என அவர் கருதிய நீண்ட செங்கல் கட்டடம், இத்தாலியின் அரெஸ்ஸோ பாணிச் செந்நிறக் கலங்கள், ஆம்போரா ஓடுகள் எல்லாம் வெளிவந்தன. பிறகு கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி என்ற தொல்லியலாளர்களால் ஆய்வு தொடர்ந்தது.

பெக்லியோடு பணியாற்றிய எலிசபெத் லைடிங் வில் அந்த ஓடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். உடைந்த விளிம்பை உற்றுப் பார்த்தால் சில ஓடுகளில் பொடிப்பொடியாகக் கருமணல் தெரியும். அது நேப்பிள்ஸ் வளைகுடாவின் எரிமலை மணல். வெசுவியஸின் மண் அரிக்கமேட்டு வண்டலில் கிடந்தது! சான்று என்றால் இதுதான் சான்று. கோஸ், ரோட்ஸ் தீவுகளின் மதுச்சாடிகளோடு எண்ணெய்ச் சாடிகளையும் மீன் குழம்புச் சாடிகளையும் அவர் அடையாளம் கண்டார். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை. இந்தியாவில் ஆம்போரா என்று பதிவான ஓடுகளில் பல ரோமானியவை அல்ல, மெசபடோமியாவிலிருந்து வந்த தார் பூசிய சாடிகள் என்று ராபர்ட்டா டாம்பர் என்ற ஆய்வாளர் பிற்பாடு காட்டினார். இதனால் நம் கடற்கரையின் பெருமை குறையவில்லை. ரோமாபுரியோடு பாரசீக வளைகுடாவும் நம்மோடு வணிகம் செய்தது என்று கணக்கு நீளுகிறது. காஞ்சிபுரம் அகழாய்விலும் கூம்பு வடிவச் சாடிகள் நிறையக் கிடைத்தன. வெளிநாட்டுச் சாடியைப் பார்த்து உள்ளூர்க் குயவர் செய்தவை என்பது சில அறிஞர்களின் கருத்து. நம் பகுதியின் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து காஞ்சிக்குக் கம்பெனி பஸ் போய்வரும் தூரம்தான்.

இத்தனை தூரம் வந்த சாடிக்கு இங்கே என்ன மரியாதை செய்கிறோம்? பொம்பேயிக்காரர்கள் வேர்க்குழியைக்கூடத் தேடி மறுபடியும் கொடி நட்டார்கள். அரிக்கமேட்டில் மாந்தோப்புக்கு நடுவே பார்வைக்கு நிற்பது, 18-ஆம் நூற்றாண்டு மிஷன் கட்டடம் ஒன்றின் இடிந்த சுவர். அகழ்ந்த குழிகளை மூடிவிட்டார்கள். மண்ணுக்கடியில் ஒரு துறைமுகமே இருப்பதை, விவரம் தெரிந்தவர் கூட வந்து சொன்னால் ஒழிய, வருகிறவர் உணர வழியில்லை. கீழடிக்கு 2023-ல் அருங்காட்சியகம் வந்த பிறகு பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாகப் போகிறார்கள். அரிக்கமேட்டுக்கும் வசவசமுத்திரத்துக்கும் அப்படியொரு காட்சிக்கூடம் கிடைக்க வேண்டும். ஒரகடத்தை ஒட்டிய இந்தத் தொழில் பகுதியில் பன்னாட்டு நிறுவனங்கள் சமூகப் பொறுப்பு நிதி என்று ஆண்டுதோறும் செலவு செய்கின்றன. அதில் ஒரு சிறு பங்கை இதற்கு ஒதுக்கக் கேட்பது நியாயமான கோரிக்கை.

அதுவரை காத்திருக்க வேண்டாம். வார விடுமுறை கிடைத்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போங்கள். பாரதி பூங்கா அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களை முதலில் பாருங்கள், அதன் பிறகு ஆற்றங்கரை மேட்டுக்குப் போங்கள். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை.