சிறுபான்மையோர் குடியிருப்புகளில் புகையிலை, மது விளம்பரம்

வறுமையும் சமூக ஒதுக்கமும் ஒருங்கே அழுத்தும் இன, மொழிச் சிறுபான்மையோர் வாழும் வட்டாரங்களைத் தேர்ந்து, புகையிலை, மது ஆகியவற்றின் விளம்பரப் பலகைகளை மிகுதியாக நாட்டும் வாணிப முறை இது.

அமெரிக்காவில் 1990-இல் ஆர்.ஜே. ரெய்னால்ட்ஸ் நிறுவனம் கறுப்பின மக்களைக் கருதியே ‘அப்டவுன்’ என்னும் சிகரெட்டைப் பிலடெல்பியாவில் விற்க முனைந்து, எழுந்த பலத்த ஆட்சேபத்தால் அதனைக் கைவிட்டது. 1994-இல் பால்டிமோர் நகரசபை இவ்விரு சரக்குகளின் தெருப்பலகைகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. 1998-இல் சிகரெட் நிறுவனங்கள் 46 மாநிலங்களுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, பெரும் சிகரெட் பலகைகள் மறுவருஷமே அங்கு மறைந்தன.

இந்தியாவில் 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் விளம்பரத்தைப் பொதுவாக விலக்கி, விற்பனை நடக்குமிடத்தில் மட்டும் பலகைக்கு இடமளித்தது. அச்சட்டத்தின் கீழ் வகுத்த விதிகளின்படி, அப்பலகை 60 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் அளவை மீறலாகாது, சரக்கின் வணிகப்பெயரோ படமோ அதில் இருத்தல் கூடாது, பின்னொளியும் கூடாது, மேல்விளிம்பில் 20-க்கு 15 சென்டிமீட்டர் பரப்பில், உரிய இந்திய மொழியில், புகையிலை புற்றுநோய் விளைவிக்கும் என்பது போன்ற எச்சரிக்கை ஒன்று இருத்தல் வேண்டும். நீதிமன்றத் தடையால் நெடுநாள் முடங்கிக் கிடந்த இவ்விதிகளுக்கு 2013-இல் உச்சநீதிமன்றம் வழிதிறந்தது. மதுவைப் பொறுத்தவரை, தேசிய, மாநில நெடுஞ்சாலைகளில் மதுக்கடையைச் சுட்டும் பலகைகளை அகற்றுமாறு அந்நீதிமன்றம் 2016 டிசம்பரில் ஆணையிட்டது. ஆயினும் மதுவின் வணிகப்பெயரையே சோடா, குடிநீர் முதலியவற்றின் மீது பொறித்து விளம்பரம் செய்யும் மறைமுக உபாயம் முற்றும் ஒழிந்திலது.

இலங்கையில் 2006-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டம் இவ்விரு விளம்பரங்களையும் ஒருசேரத் தடுத்தமையால், மலையகத் தமிழர் வாழும் தோட்டப்புறங்களும் அப்பாதுகாப்பினுள் அடங்கின.

இந்தியாவிலும் இத்தகைய தமிழர் தோட்டப்புறங்கள் உண்டு: கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் அகத்தியர்கூட மலைச்சாரலில் அமைந்த போனக்காடு தேயிலைத் தோட்டம், லயங்கள் எனும் வரிசை வீடுகளில் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் குடியேறிய இடம். கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் மொழிச் சிறுபான்மையரான தமிழர் அரசுடன் தமிழிலேயே கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை தருகிறது. பெட்டிக்கடைப் பலகையின் எச்சரிக்கை எம்மொழியில் அமையவேண்டும் என்பதையோ, ‘உரிய இந்திய மொழி’ என்னும் சொற்றொடரோடு விதி விட்டுவிடுகிறது. பலகையின் அளவை நுணுகி வகுத்த இந்தியச் சட்டம், அதன் எதிரே வாழ்வோர் யாவர் என்பதைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதே இதன் பெருங்குறை. தமிழர் வாழும் தோட்டப்புறங்களில் மலையாளத்துடன் தமிழிலும் எச்சரிக்கை பொறிக்கச் செய்தல் அரசுக்கு எளிதில் இயலும் பரிகாரமாகும்.