கொளுவி நிற்கும் வினை: ஜப்பானிய மொழியின் ‘ககெரு’

ஜப்பானிய மொழி கற்கத் தொடங்கும் தமிழ் மாணவர் சில மாதங்களுக்குள் ‘ககெரு’ என்ற வினையைச் சந்தித்துவிடுவார் (இரு ககரங்களையும் வல்லோசையோடு, இரட்டிக்காமல் ஒலிக்க வேண்டும்). சுவரில் படம் மாட்டுவது ககெரு. மூக்குக்கண்ணாடி அணிவது, கதவைப் பூட்டுவது, தொலைபேசியில் அழைப்பது, சோற்றின்மேல் குழம்பு ஊற்றுவது, ஆற்றின் குறுக்கே பாலம் அமைப்பது, பெற்றோரைக் கவலைக்குள்ளாக்குவது ஆகியவையும் ககெருதான். அகராதிகள் இப்பொருள்களை எண்ணிட்டு அடுக்குகின்றன. அந்த அடுக்கைக் கண்டு மலைத்த மாணவர், இதில் ஒழுங்கு எதுவும் இல்லை என்று மனப்பாடத்தில் இறங்கிவிடுகிறார்.

ஒழுங்கு இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். ககெருவின் அடியில் இருப்பது ஒரே செயல்: ஒன்றை இன்னொன்றில் கொளுவுதல். கொளுவப்பட்டது அங்கேயே தங்கும். அதன் பாரம் தாங்குவதன்மேல் இறங்கிக்கொண்டே இருக்கும். பல்பொருள் என்பது ஒரே நிகழ்வின் வெவ்வேறு பகுதிகளில் கண் பதிவதால் பிறப்பது என்று பொருண்மையியலாளர் குனிஹிரோ தெட்சுயா விளக்கினார். அவ்விளக்கம் இவ்வினைக்கு மிகவும் பொருந்துகிறது.

எழுத்து பிரிக்கிறது, பேச்சு சேர்க்கிறது

இவை வெவ்வேறு வினைகள், ஒலி மட்டுமே ஒன்று என்று ஒருவர் மறுக்கலாம். தொங்கவிடுவதற்கு ஒரு சீன எழுத்து, பாலத்துக்கு ஒன்று, பந்தயம் கட்டுவதற்கு ஒன்று என எழுத்தில் இவ்வினை பிரிந்து கிடப்பது உண்மை. 2010இல் திருத்தப்பட்ட 2136 பொதுப் பயன்பாட்டு எழுத்துகளின் பட்டியலில் பந்தய எழுத்தும் புதிதாகச் சேர்ந்தது. ஆனால் சீன எழுத்து, ஏற்கெனவே பேச்சில் வழங்கிய ஜப்பானியச் சொல்லின்மேல் பிற்காலத்தில் வந்தமர்ந்தது. அது பிரித்ததை வைத்துச் சொல்லும் பிரிந்தது என்று கொள்ள முடியாது. தோக்கியோ உச்சரிப்பில் இவையெல்லாம் ‘கெ’யில் ஏறி ‘ரு’வில் இறங்குகின்றன. ‘விளிம்பு உடைதல், குறைபடுதல்’ என்று பொருள்படும் இன்னொரு ககெருவோ அப்படி இறங்காமல் ஒலிக்கிறது. அது உண்மையிலேயே வேறு சொல்.

அணிதல், அமர்தல், ஊற்றுதல்

ஜப்பானியத்தில் அணிவதற்குப் பொதுவான ஒரு வினை கிடையாது. தொப்பிக்குக் கபுரு, மேலாடைக்குக் கிரு, காற்சட்டைக்கும் காலணிக்கும் ஹகு, மோதிரத்துக்கு ஹமெரு. கண்ணாடிக்கு மட்டும் ஏன் ககெரு? அது காது மடலிலும் மூக்குத்தண்டிலும் தொற்றி நிற்பதால். அதே பார்வைக் குறைக்காகக் கண்ணுக்குள் வைக்கும் கான்டாக்ட் லென்ஸுக்குக் ககெரு வராது. உள்ளிடுதலைக் குறிக்கும் இரெரு, பொருத்துதலைக் குறிக்கும் த்ஸுகெரு போன்ற வினைகளே வரும். கொளுவ இடமில்லாத பொருளுக்கு இவ்வினையும் இல்லை.

நாற்காலியில் அமர்வது ‘கொஷி ஒ ககெரு’, அதாவது இடுப்பைக் கொளுவுதல். தத்தாமிப் பாய்மேல் அமர்ந்தால் இது பொருந்தாது. அதற்கு ஸுவரு வேண்டும். இதிலிருந்து பிறந்த ‘கொஷிககெ’ என்ற பெயர்ச்சொல் இருக்கையைக் குறிக்கும். நல்லது கிடைக்கும்வரை ஒப்புக்குப் பார்க்கும் வேலையையும் குறிக்கும். அந்த வேலையில் இருப்பவர் வேரூன்றவில்லை, கிளையில் தொற்றியிருக்கிறார்.

ஊற்றுவது எப்படிக் கொளுவுதல் ஆகும்? கோப்பைக்குள் தேநீர் ஊற்றுவதற்கு ஸொஸொகு, த்ஸுகு போன்ற வினைகள் உண்டு. அங்கே ககெரு வருவதில்லை. ஊற்றியது ஒன்றன் மேற்புறத்தில் படிந்து தங்கும்போதுதான் ககெரு. சூடான சாற்றை மேலே ஊற்றித் தரும் நூடுல்ஸ் ‘ககெ ஸொபா’. மூங்கில் தட்டில் வரும் ஸாரு ஸொபாவைச் சாற்றில் தோய்த்து உண்பதால், அதற்குரிய வினை வேறு.

உருபு மாறினால்

கொளுவப்படும் பொருளை ‘ஒ’ என்ற உருபும், அது தங்கும் இடத்தை ‘நி’ என்ற உருபும் காட்டுகின்றன. கண்ணைக் குறிக்கும் ‘மெ’யை எடுத்துக்கொள்வோம். ‘மெ ஒ ககெரு’ என்றால் ஒருவர்மேல் என் கண்ணைக் கொளுவுகிறேன். அவரைப் பரிவோடு கவனித்து ஆதரிக்கிறேன். ‘ஒமெ நி ககெரு’ என்றால் பெரியவரின் கண்ணில் ஒன்றைக் கொளுவுகிறேன், பணிவோடு காட்டுகிறேன். மரபுத்தொடர்களும் இதே வழியில் நடக்கின்றன. ஒன்றை மூக்கில் மாட்டிக்கொண்டு திரிவது ‘ஹன நி ககெரு’, அதாவது பெருமையடித்தல். உணவுத் தட்டில் அவரவர்க்கென வைத்த உப்பின் பெயரால் அமைந்த ‘தெஷிஒ நி ககெரு’, தன் கையாலேயே பேணி வளர்ப்பதைக் குறிக்கும்.

ககெருவின் தன்வினை ககரு. மீன் வலையில் ககரு. நோய் ஒருவரைப் பற்றினால் ககரு. வேலை நேரம் பிடித்தாலும் ககரு. நம் ‘மாட்டு’ வினைக்கும் இப்பரப்பில் பாதி உண்டு. சட்டையை ஆணியில் மாட்டுகிறோம், திருடன் மாட்டிக்கொள்கிறான்.

போடுவதும் கொளுவுவதும்

மறுபாதியைத் தமிழில் ‘போடு’ சுமக்கிறது. கண்ணாடி போடு, பூட்டுப் போடு, போன் போடு, பாட்டுப் போடு, பிரேக் போடு, பாலம் போடு, இஸ்திரி போடு: அத்தனைக்கும் ககெரு பொருந்துகிறது. இவ்வளவு பொருந்துவதால் இரண்டும் ஒன்றே என்று தோன்றும். துணைவினையாக வரும்போது வேற்றுமை வெளிப்பட்டுவிடுகிறது. ‘கொன்றுபோட்டான்’, ‘சொல்லிப்போட்டான்’ என்றால் காரியம் முடிந்தது. ‘ஷினிககெரு’ என்றாலோ இன்னும் சாகவில்லை, சாவின் விளிம்புவரை போயாயிற்று. ‘தபெககெ நொ பான்’ என்பது கடித்து மீதி வைத்த ரொட்டி. பேசுவதற்கான வினையோடு சேர்ந்த ‘ஹனஷிககெரு’ ஒருவரை நோக்கிப் பேச்சைத் தொடுப்பது; அவர் பதில் சொல்வாரா என்பது அவர் கையில். செயல் ஆளை நோக்கிச் சென்றாலும் முடிவை நோக்கிச் சென்றாலும், ககெரு அதைத் தொற்ற வைப்பதோடு நின்றுவிடுகிறது. போடுவதில் கை விடுபடுகிறது. அதனால்தான் குப்பையைத் தொட்டியில் ‘போட’ முடிகிறது. அங்கே ககெருவுக்கு இடமில்லை.

எல்லாப் பயன்பாடும் இந்த ஒற்றை நூலில் ஒரே அளவு தெளிவாகக் கோக்கப்பட்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ‘மூன்று ககெரு நான்கு’ என்று பெருக்கல் கணக்கை வாசிக்கும் குழந்தைக்கு எதையும் கொளுவுவதாகத் தோன்றாது. அங்கே படிமம் தேய்ந்து வாய்பாடாகிவிட்டது. ஆயினும் அன்றாடப் பேச்சில் அது உயிரோடு இருக்கிறது.

ஜப்பானியத் தெருக்களில் கட்டுமானம் நடக்கும் இடங்களின் வேலியில் ஒரு பலகையைக் காணலாம். தலைக்கவசம் அணிந்த தொழிலாளி குனிந்து வணங்கும் படம் இருக்கும். கூடவே ‘கொமெய்வகு ஒ ஒககெ ஷிமஸு’ என்ற வாசகம். ‘சிரமம் கொடுக்கிறோம்’ என்று நாம் பெயர்த்துவிடலாம். ஆனால் கொடுத்த பொருள் கொடுத்தவர் கையைவிட்டுப் போய்விடும். ககெரு சொல்வது வேறு: உங்கள்மேல் ஒரு பாரத்தை மாட்டியிருக்கிறோம், வேலை முடியும்வரை அது அங்கேயே இருக்கும், மாட்டிய கை எங்களுடையது. அந்தத் தொழிலாளி ஏன் குனிந்தே நிற்கிறார் என்பது, அகராதியின் எண்களை விட்டு இந்த ஒரு பொருளைப் பிடித்துக்கொண்ட மாணவருக்கு விளங்கும்.