எஸ்என் 2012டிஎன்

எஸ்என் 2012டிஎன், வெண்குறுமீன் ஒன்று முற்றாகச் சிதறியதால் உண்டான ‘ஒன்று-ஏ’ வகைச் சூப்பர்நோவா. ஏறத்தாழ 14 கோடி ஒளியாண்டுத் தொலைவில் நிகழ்ந்த இவ்வெடிப்பு 2012 ஜூலை 8 அன்று கண்டறியப்பட்டது.

வெண்குறுமீனின் நிறை சூரிய நிறையைப்போல் 1.4 மடங்கைத் தாண்ட முடியாது என்பது சந்திரசேகர் வரம்பு. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற சு. சந்திரசேகர், 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது இக்கணக்கில் இறங்கினார். ஆனால் 2003-இல் கண்டறியப்பட்ட எஸ்என் 2003எஃப்ஜி என்ற சூப்பர்நோவா அளவுமீறி ஒளிர்ந்தது. அதில் வெடித்த வெண்குறுமீனின் நிறை சூரிய நிறையைப்போல் 2.1 மடங்கு என்று 2006-இல் கணிக்கப்பட்டதும் வரம்பைக் கடந்த விண்மீன்கள் பற்றிய விவாதம் எழுந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் பானிபிரத முகோபாத்யாயும் உபாசனா தாஸும், வலிமைமிக்க காந்தப்புலம் இருந்தால் 2.58 மடங்குவரை தாங்கலாம் என்று 2013-இல் கணக்கிட்டனர்.

‘ஒன்று-ஏ’ வெடிப்புகளின் ஒளிக்குக் கதிரியக்க நிக்கல்-56 ஊற்று. 6 நாள் அரைவாழ்வுடைய அது கோபால்ட்-56 ஆகிறது. 77 நாள் அரைவாழ்வுடைய கோபால்ட் இரும்பாகிறது. எனவே உச்சத்துக்குப் பின் ஒளி எப்படி மங்கவேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம். நீல ஒளியில் சாதாரண ‘ஒன்று-ஏ’ வெடிப்பு 15 நாளில் உச்சத்தின் 36 விழுக்காட்டுக்கு இறங்கும். 2009-இல் தோன்றிய, வரம்பை மீறியதாகக் கருதப்பட்ட எஸ்என் 2009டிசி பாதி அளவுக்கே இறங்கியது.

எஸ்என் 2012டிஎன்-ஐ லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில் நிற்கும் இமயச் சந்திரா தொலைநோக்கி கவனித்தது. சந்திரசேகர் வரம்பை மீறியதாக ஐயப்பட்ட விண்மீனை அவர் பெயர் தாங்கிய கருவியே ஆராய்ந்தது பொருத்தம்தான். இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் சாஹு, அனுபமா முதலியோரும் ராய்ப்பூரைச் சேர்ந்த சக்ரதாரியும் 2014-இல் வெளியிட்ட முடிவின்படி, 15 நாளில் 43 விழுக்காடு ஒளி எஞ்சியது. உருவான நிக்கல் சூரிய நிறையில் சுமார் 0.82 பங்கு. நிறமாலையில் கரிமக் கோடுகளும் தெரிந்தன. நிறமாலை எஸ்என் 2009டிசி-யின் இனத்தை ஒத்திருந்தபோதிலும், அவ்வினத்துக்குரிய அசாதாரணப் பேரொளி இதற்கு இல்லை.

மெதுவான இந்த இறக்கம் நீடிக்கவில்லை. உச்சத்துக்குப் பின் சுமார் 60-ஆம் நாளிலிருந்து ஒளி வேகமாகச் சரிந்தது. வெடித்து ஏறத்தாழ ஓராண்டு கழித்து சிலியிலுள்ள ‘மிகப்பெரும் தொலைநோக்கி’ (வி.எல்.டி.) பார்த்தபோது மிக மங்கலாக இருந்தது. வெறும் நிறை கூடியிருந்தால் இவ்வாறு நேராது. சிதறிய அடர்ந்த பொருள், கதிரியக்கச் சிதைவில் எழும் காமாக் கதிரைப் பிடித்துவைத்து ஒளியை நீட்டித்திருக்கும். சிதறிய பொருளில் வழக்கத்துக்கு முன்னதாகவே திட்டுத்திட்டாகத் தூசு உருவாகி ஒளியை மறைத்தது என்பதே 2019-இல் வானியலாளர் டாபன்பெர்கரின் குழு ஏற்ற விளக்கம். வெடித்த சில மணி அல்லது சில நாள்களுக்குள், விண்மீனைச் சூழ்ந்த, ஹைட்ரஜன் அற்ற உறையொன்றில் சிதறிய பொருள் மோதியிருக்கலாம் என்றும் அக்குழு கருதியது. அப்படியானால் மோதலும் ஒளியைக் கூட்டியிருக்கும்; எனவே பேரொளியைக் கொண்டு மட்டும் நிறையைக் கணிக்க முடியாது, 2.1 போன்ற எண்களை ஐயத்தோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.