செஞ்சியில் நாம் பார்க்காத குன்று

செஞ்சி என்றதும் நம்ம செட் நண்பர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ராஜகிரி, கல்யாண மகால், தேசிங்கு ராஜன் கதை, பொட்டலம் கட்டிக்கொண்டு போன புளிசாதம். 2025 ஜூலையில் மராட்டியர் காலக் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது, அதில் தமிழ்நாட்டுக் கோட்டை செஞ்சி ஒன்றுதான். பேப்பரில் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். கூடவே ஒரு பழைய வெட்கமும் வந்தது.

அந்தச் சுற்றுலாவில் எங்கள் தமிழாசிரியர், “சாயங்காலம் இன்னொரு குன்றுக்கும் போகலாம்பா” என்றார். ஊருக்கு வடக்கே சிறுகடம்பூர்ப் பக்கம் இருக்கும் திருநாதர்குன்று. பாதிப் பேர் பஸ்ஸை விட்டே இறங்கவில்லை. இறங்கிய நானோ, மேலே போய்க் கரித்துண்டால் பாறையில் என் பெயரை எழுதினேன். ஐயா திட்டவில்லை. வேட்டி முனையை நனைத்து அதை அழித்துவிட்டு, “ஏற்கெனவே ரெண்டு பேர் பேரு இருக்குடா, அதைப் படி” என்றார்.

படிக்கத் தெரியவில்லை. அது வட்டெழுத்து. ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்ற சமண ஆசிரியரின் நினைவிடம் என்று ஐயாதான் விரல் வைத்து வாசித்துச் சொன்னார். ஏறக்குறைய 6-ஆம் நூற்றாண்டு. ‘ஐ’ என்ற எழுத்து முதலில் காணப்படுவது இந்தக் கல்வெட்டில்தான் என்று எழுத்தாராய்ச்சிக்காரர்கள் சொல்வார்கள். இன்னொன்று முப்பது நாள் நோன்பிருந்த இளைய பட்டாரருக்கு. இது சில நூற்றாண்டு பிந்தியது. பக்கத்துப் பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும், வரிசைக்குப் பன்னிரண்டு பேராக இரண்டு வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள்.

கல்வெட்டில் ‘அனசனம்’, ‘நிசீதிகை’ என்று இரண்டு சொற்கள் வரும். முன்னது உண்ணாமை, பின்னது அப்படி இருந்து உயிர் நீத்த இடம். சாப்பாட்டை நிறுத்தினால் செத்துப்போவோம் என்பது யாருக்கும் தெரியும். அதை ஏன் ஒருவர் தவமாகச் செய்தார் என்று கேட்டால், வினை, உயிர், பற்று என்று சமண தத்துவம் முழுவதையும் படித்தாக வேண்டும். நான் அதைப் படிக்க ஆரம்பித்தது வேலைக்குப் போய்ப் பல வருஷம் கழித்துத்தான்.

உ.வே. சாமிநாதையருக்கும் இதே கஷ்டம் வந்தது. 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசாமி முதலியார் தூண்டியதால் சீவகசிந்தாமணியைக் கையில் எடுத்தார். அவ்வளவு தமிழ் படித்தவருக்கே சமணச் சொற்கள் பிடிபடவில்லை. கௌரவம் பார்க்காமல் அவ்வூர்ச் சமணர் வீடுகளுக்குப் போய்க் கேட்டார். அங்கே சிந்தாமணியை வீட்டில் வைத்து மாதக்கணக்கில் வாசித்து, முடிக்கிற நாளை விசேஷமாகக் கொண்டாடுகிறவர்கள் இருந்தார்கள்! அவருக்குச் சந்தேகம் தீர்த்தவர்களில் ஒருவர் வீடூர் அப்பாசாமி நயினார். வீடூர் எங்கே இருக்கிறது? நம்ம செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறந்து வரும் சங்கராபரணி ஆற்றில் அணை கட்டியிருக்கிறார்களே, அந்த வீடூர்தான். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. சைவர் ஒருவர் பதிப்பித்த சமண நூல்; அதில் நம்ம ஊர்ப்பக்கத்துக் குடும்பப் படிப்பும் கலந்திருக்கிறது.

இந்தப் பக்கத்தில் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் மடமும் பார்சுவநாதர் கோயிலும் இருக்கின்றன. கோயிலைப் பார்க்கப் போகிறவர்கள் நீலகேசியை ஒரு தடவை புரட்டிவிட்டுப் போகலாம். பேயாக இருந்து மனம் மாறிய ஒரு பெண், பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவராகத் தேடிப்போய் வாதம் செய்கிறாள். பட்டிமன்றம் பார்க்கிற நமக்கு இது ஒன்றும் அந்நியமில்லை. அ. சக்கரவர்த்தி நயினார் இதை 1936-இல் பதிப்பித்தார். எதிராளியின் கட்சியைச் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும் என்பது பழைய முறை. அதனால், முழுதாகக் கிடைக்காமல் போன குண்டலகேசியில் என்ன வாதம் இருந்தது என்று தெரிந்துகொள்ளக்கூட, அதை மறுக்க எழுந்த நீலகேசியைத்தான் நாட வேண்டியிருக்கிறது. எதிரி காப்பாற்றிக் கொடுத்த நூல் என்றே சொல்வேன்.

ஐயா இப்போது இல்லை. இந்தச் சந்திப்பு முடிந்த மறுநாள் வேன் வைத்துச் செஞ்சி போகலாம் என்று சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். இப்போது படிக்கிற மாணவர்களும் வரலாம். குன்றுக்குக் காலை 7 மணிக்குள் ஏறிவிட வேண்டும். அப்புறம் பாறை சுடும். இந்தத் தடவை கல்வெட்டை நான் வாசித்துக் காட்டுகிறேன்.